ராஜபாளையத்தில் யார் பார்க்கிறார்கள்?

அத்தியாயம் 4

வெங்கடேஸ்வரி டீச்சர் மேஜையை ஓங்கி அடித்ததில் பேனா ஸ்டாண்ட் குப்புற விழுந்தது. பேனா ஸ்டாண்டுக்கும் இந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து நிறுத்துகிறவள் நான் என்பதால் சொல்கிறேன்.

"ஏழு மேட்ச் சார்! ஏழுலயும் ஜெயிச்சோம். ராஜபாளையத்துக்காரங்கள அவங்க ஊர் கிரவுண்டுலயே வச்சு ஜெயிச்சோம். ஆனா இடம் அவங்களுக்காம். கபடியில இனிமே என்ன செய்யணும், வீடு வீடா ஓட்டுக் கேட்டுப் போகணுமா?"

டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு மகளிர் கல்லூரியின் கபடி கோச். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் தாய்மாமா வைகுண்டராஜ். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். டிரங்க் கால் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு போகிறது என்ற நினைப்பிலேயே பேசுவார். நான் முனீஸ்வரி, அவருடைய அக்கா மகள். சட்டம் படித்தேன். அரியர் முடிக்கிற வரைக்கும் மாமாவுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று வந்தேன். அரியரும் அப்படியே இருக்கிறது, ஒத்தாசையும் அப்படியே இருக்கிறது.

விஷயம் இதுதான். தென்மாவட்டக் கல்லூரிப் பெண்கள் கபடி லீக்கை இந்த வருஷம் ஒரு செல்போன் ஆப் கம்பெனி வாங்கி, மேட்சுகளை நேரலையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. இதுவரைக்கும் எல்லாக் கல்லூரியும் ஒரே மண்டலமாக ஆடினார்கள். அடுத்த வருஷம் இரண்டாகப் பிரிக்கப் போகிறார்களாம். முதல் மண்டலத்துக்கு நேரலை உண்டு, ஸ்பான்சர் உண்டு, விளம்பரம் உண்டு. இரண்டாம் மண்டலத்துக்கு வாழ்த்துகள் உண்டு.

எங்கள் பக்கத்துக்கு முதல் மண்டலத்தில் ஒரே ஒரு இடம். அது எங்கள் ஊருக்கா, பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கிற ராஜபாளையம் சஞ்சீவி மகளிர் கல்லூரிக்கா என்பதை யார் ஜெயித்தார்கள் என்று பார்த்து முடிவு செய்யவில்லை. எந்த ஊரில் இருந்து அதிகம் பேர் லீக்கைப் பார்க்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். ஊர்தான் மார்க்கெட்டாம். ஆடுகிற பிள்ளைகள் சும்மா.

"இடம் போச்சுன்னா ஹாஸ்டலை மூடிருவோம்னு மேனேஜ்மென்ட் சொல்லிட்டாங்க சார்." டீச்சரின் குரல் இறங்கியது. "எல்லாம் வன்னியம்பட்டி, கூமாப்பட்டின்னு சுத்துப்பட்டிப் பிள்ளைக. ஹாஸ்டல் இருக்கப்போயித்தான் படிக்குதுக. என் கேப்டன் மாரிச்செல்விக்கு அவ சித்தப்பா இப்பவே மாப்பிள்ளை பாத்துட்டிருக்காரு. ஹாஸ்டலை விட்டு வெளிய வந்தான்னா அடுத்த முகூர்த்தம் அவளுக்குத்தான். ரெய்டு போனா எதிர்க்க நிக்கிறவளுகளுக்குக் கால் நடுங்கும் சார். அந்தப் பிள்ளையக் கொண்டு போயி..."

"ராஜபாளையத்துல பாக்குறது யாரு?" என்றார் மாமா.

"யாருமே இல்ல! அதைத்தான சொல்லுதேன். அந்த ஊர்ல கூடைப்பந்துன்னா கூட்டம் கூடும், கபடிக்கு எவன் வாரான்? அம்புட்டும் போலி. போனை அடுக்கி வச்சு ஆளில்லாம ஓட விடுதாங்க. நீங்க அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்களுக்கு மேட்ச். கமிட்டிக்காரங்க கிரவுண்டுக்கே வந்து உக்காந்து இடத்தை அறிவிக்கப் போறாங்க."

சாயங்காலம் அறிவிக்கப் போகிற விஷயத்துக்குக் காலையில் வந்து துப்பறியச் சொல்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான், கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்க வருகிறவர்கள்.

கிரவுண்டில் ஆப் கம்பெனியின் ஷெரின், கேமராவுக்கு ஒயர் இழுக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஹெட்போன், கையில் டேப்லெட், கண்ணில் பல நாள் தூக்கம். நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் இன்னும் வாடியது.

"போலியெல்லாம் இல்ல சார். ஆப்பைத் திறந்தா போன் எந்த ஊர்ல இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சுரும். இங்க பாருங்க." மேப்பைக் காட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க அங்கங்கே மிளகு தூவிய மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். ராஜபாளையத்திலும் அப்படித்தான், ஆனால் சங்கரன்கோவில் ரோட்டில் மட்டும் நெற்றிப் பொட்டு மாதிரி ஒரு பெரிய சிவப்புப் புள்ளி.

"இது?" என்றார் மாமா.

"டென்ஸ் ஏரியா சார். நானூறு போனுக்கு மேல. அபார்ட்மென்ட்டா இருக்கும்."

"ஊருக்கு வெளிய, கருவேல மரத்துக்கு நடுவுலயா?" என்றேன்.

மாமா ஷெரினிடம் டேப்லெட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போன வார மேட்சை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் விரல் நின்றது.

"இது இடைவேளை. எங்க ஊர்க் கோடு விழுது. அந்தப் புள்ளியோட கோடு விழல."

எனக்குப் புரிந்துவிட்டது. "நானூறு பேர்ல ஒருத்தருக்குக்கூட டீ குடிக்கத் தோணல. ஒருத்தரும் பாத்ரூம் போகல. மாமா, இது மனுசங்க இல்ல."

"அப்படியே இருக்கட்டும். சஞ்சீவி காலேஜ் தென்காசிக்காரங்களோட ஆடினதைக் காட்டும்மா."

ஷெரின் காட்டினாள். சிவப்புப் புள்ளியைக் காணவில்லை. செண்பகத்தோப்பு ஆடிய நாள்களை மட்டும் தட்டினால் புள்ளி குண்டாக வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் எங்கள் டீம் ஆடியும் புள்ளி இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை லீவு விடுற மோசடியா?" என்றேன். "நம்ம ஆபீஸ்லயே அந்த நேர்மை கிடையாது."

மாமா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது என் பெரியம்மா மகன் கல்யாணத்தில், அதுவும் போட்டோக்காரர் கெஞ்சியதால். "போலின்னு நிரூபிச்சா என்ன செய்வீங்க?" என்று ஷெரினிடம் கேட்டார்.

"அதைப் பண்ணினது எந்த டீமோட ஆளுங்களோ, அந்த டீம் லீக்கை விட்டே அவுட். ரூல்லயே இருக்கு."

"அப்படிப் போடு!" வெங்கடேஸ்வரி டீச்சர் கை தட்டினார். "அதான் நியாயம்."

ஷெரின் எங்கள் இருவரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "சார், இந்த நம்பரைக் காட்டித்தான் அந்த ஊர் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை எல்லார்கிட்டயும் விளம்பரம் வாங்கியிருக்கேன். நீங்க எதையும் கண்டுபிடிக்காம இருந்தா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

இத்தனை வருஷத்தில் எங்களிடம் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

என் ஸ்கூட்டியிலேயே ராஜபாளையம் போனோம். முதலில் பிடிக்கப் போனது சஞ்சீவி கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் பாண்டிதுரையை. கல்லூரி வாசலிலேயே ஒரு பெரிய பிளெக்ஸ். 'லீக்கைக் கண்டு ஆதரித்த ராஜபாளையத்து ரசிகப் பெருமக்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!' பக்கத்தில் கும்பிட்டபடி பாண்டிதுரை. கபடி டீம் அவர் முழங்கைக்குக் கீழே ஸ்டாம்பு அளவில் இருந்தது.

"போலியா?" நேரில் பிளெக்ஸை விடச் சின்னதாக இருந்தார் பாண்டிதுரை. "அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுதேன், எங்க வீட்டம்மாவே எங்க ஆட்டத்தைப் பாக்க மாட்டா. சீரியல் நேரம்பா. இம்புட்டுப் பேரு பாக்காங்கன்னு ஷெரின் மேடம் சொன்னதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கைக்காசுல பிளெக்ஸ் வச்சேன்."

"தென்காசியோட ஆடினப்ப அந்த ரசிகர்கள் எங்க போனாங்க?" என்றார் மாமா.

பாண்டிதுரையின் முகம் சுருங்கியது. "அதான் அண்ணாச்சி எனக்கும் பிடிபடல. அவிய எங்கமேல ஏதும் வருத்தத்துல இருக்காவளோ?"

வெளியே வந்ததும், "ஆள் சுத்தம்" என்றார் மாமா.

"எப்படிச் சொல்லுதிய?"

"திருடினவன் தனக்குத் தானே நன்றி சொல்லி பிளெக்ஸ் வைக்க மாட்டான்."

கமிட்டி உட்காரும்போது அங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்று மாமா, அறிவிப்பைக் கேட்கக் கிளம்பிய பாண்டிதுரையின் காரிலேயே ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினார். சந்தேகப்பட்ட ஆளின் வண்டியில் லிப்ட் கேட்டுப் போகிற துப்பறிவாளரை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது. சிவப்புப் புள்ளி என் பொறுப்பு. கண்டுபிடித்த நிமிஷம் போன் செய்ய வேண்டும், கமிட்டி வாயைத் திறக்கும் முன்னால்.

புள்ளியைத் தேடுவது சுலபம் என்று நினைத்தேன். ஷெரின் அனுப்பிய மேப்பைப் பிடித்துக்கொண்டு, குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஸ்கூட்டியை உருட்டினேன். முதலில் அது ஒரு பேண்டேஜ் துணிக் குடோனைக் காட்டியது. அங்கே துணி மட்டும்தான் இருந்தது. அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டியது. பூட்டு. அப்புறம் நாய் வளர்க்கிற ஒரு தோட்டத்தைக் காட்டியது. வெள்ளை வெளேரென்று ஆறு நாய்கள் எனக்கு வழி சொல்லத் தயாராகக் கம்பி வேலிக்கு வந்தன. நான் நிற்கவில்லை.

வெயிலில் தலை காய்ந்தது. போனில் சார்ஜ் கரைந்துகொண்டே வந்தது. மேப்புக்குப் பக்கத்தில் மேட்ச் ஆரம்பிக்கிறதா என்று ஆப்பையும் திறந்து வைத்திருந்தேன். இந்த வேலைக்கு அரியர் எழுதியிருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். கருவேல மரங்கள் மறுக்கவில்லை.

கடைசியில் மேப் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு நூல் மில்லின் வாசலில்.

உள்ளே இருந்து இயந்திரங்களின் இரைச்சல். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி அறை. அதற்குள் காக்கிச் சட்டையில் பெரிய மீசை வைத்த ஒருவர், பட்டன் போனில் யாரையோ திட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் சமுத்திரம் என்று பெயர் இருந்தது.

"வேலைக்கா? ரெண்டாம் ஷிப்டு உள்ள போயாச்சு. நாளைக்கு வா."

"வேலைக்கு இல்லண்ணாச்சி. இங்க..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றேன்.

அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பலகை அடுக்கு. தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற பெட்டி மாதிரி சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன் எண். மில்லுக்குள் போன் கொண்டு போகக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அறைக்கு ஒன்றாகப் போன்கள் நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் வெளிச்சம். எல்லாவற்றிலும் ஒரே சோப்பு விளம்பரம்.

அப்போது மணி ஐந்து. சோப்பு விளம்பரம் முடிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அந்த அறைகள் எல்லாம் பச்சையாயின. கபடி ஆடுகிற விரிப்பு. நானூறு திரையிலும் ஒரே நேரத்தில் செண்பகத்தோப்புப் பிள்ளைகள் மஞ்சள் ஜெர்ஸியில் ஓடி வந்தார்கள். சத்தத்தைக் குறைக்க மறந்த ஏதோ ஒரு போனில் இருந்து விசில் ஊதியது. பார்க்க ஒரு மனுஷன் இல்லை. சமுத்திரம்கூட முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணாச்சி இது?"

"அதை ஏன் கேக்க?" என்றார் சலிப்பாக. "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருந்து மில் வண்டியில வாராளுகல்ல, அவளுக போனு. வெள்ளத்தாய்னு ஒருத்தி. அவ மக மாரிச்செல்வி அந்த ஊர்க் காலேஜ்ல ஆடுதாளாம். மேட்ச் இருக்க அன்னைக்கு எல்லாரும் இதை ஓட விட்டுட்டுத்தான் டோக்கன் வாங்கணும்னு அவ உத்தரவு. அணைச்சிராதீய அண்ணேன்னு என்கிட்ட வேற கெஞ்சிட்டுப் போறா. அவளுகளுக்கு உள்ள வேலை, எனக்கு இங்க இதுக்குக் காவல்."

எனக்கு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. ஏன் செண்பகத்தோப்பு மேட்சுக்கு மட்டும் புள்ளி வந்தது, ஏன் இடைவேளையில் யாரும் எழுந்திருக்கவில்லை, ஏன் ஞாயிற்றுக்கிழமை லீவு. மில்லுக்கு வார விடுமுறை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டீமுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பெண்கள் தங்கள் டேட்டாவைச் செலவழித்து, ராஜபாளையத்துக்கு மார்க்கெட் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு போனும் மாரிச்செல்வியின் ஹாஸ்டல் கதவுக்கு ஒரு ஆணி. அதை அறைந்தது அவளுடைய அம்மா.

கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம், அதைப்போல எரிச்சல் பிடித்தது வேறு இல்லை. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, ஆள் கிடைச்சாச்சு. மாரிச்செல்வியோட அம்மா." விவரத்தைக் கடகடவென்று சொன்னேன். "இப்ப என்ன செய்ய? சொன்னா ரூல்படி நம்ம டீமை லீக்கை விட்டே தூக்கிருவாங்க. சொல்லாட்டி இடம் அவங்களுக்கு. டீச்சர் வேற காலையில கை தட்டித் தொலைச்சிட்டாங்க."

அந்தப் பக்கம் கிரவுண்டுச் சத்தம் தேய்ந்தது, ஓரமாக நடந்திருப்பார். பிறகு மாமா, "முனீசு, நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்க. நீ இப்ப முதல்ல என்ன செய்யணும்னா..." என்றார்.

என் போன் செத்துப்போனது. என் மாமா ஆயுளில் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து.

மில் சங்கு ஊதியது. டீ இடைவேளை. தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய பெண்கள் கும்பலாக வாசலுக்கு வந்தார்கள். சமுத்திரம் யாரையும் கேட்காமலே, முன்னால் ஓடி வந்தவளிடம் ஒரு போனை எடுத்து நீட்டினார்.

ஒல்லியான, உயரமான பெண். சேலைக்கு மேலே மில் கோட்டு. போனை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"வெள்ளத்தாய் அக்காவா?" என்றேன்.

"ஆமா தாயி. செத்த நில்லு." கண் போனை விட்டு வரவில்லை. "இன்னைக்குத்தான் டீ நேரத்துக்கு ஆட்டம் முடியாம இருக்கு. எப்பவும் நான் வெளிய வாரதுக்குள்ள முடிஞ்சிரும்."

"இதுவரைக்கும் நீங்க பாத்ததே இல்லையா?"

"எங்க பாக்க? இவ ஆடுற நேரமெல்லாம் நான் மிசின்கிட்ட நிக்கேன். ஊருல ஞாயித்துக்கிழமை ஒருக்கா ஆடுனா, அன்னைக்குன்னு பாத்து ரேசன் கடையில நிக்கேன்." சிரித்தாள். "எம்புட்டுப் பேரு பாக்காங்களோ அம்புட்டுக்கு ஹாஸ்டல் நிலைக்கும்மான்னு மக சொன்னா. எனக்குத்தான் பாக்க முடியல, போனாவது பாக்கட்டும்னு ஓட விட்டுட்டுப் போனேன். இவளுகளையும் விடச் சொன்னேன். பாவம், ஒருத்தியும் மாட்டேன்னு சொல்லல."

திரையில் மாரிச்செல்வி விரிப்பின் ஓரத்தில் நின்று முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளத்தாய் பெருவிரலைத் திரைக்குக் கிட்டே கொண்டு போனாள், தொடவில்லை. "மெலிஞ்சிட்டா" என்றாள்.

சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது, எதிரே திரையில் ராஜபாளையத்தின் கோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும்.

சொன்னேன். போன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கணக்கு என்று சொன்னேன். இந்த நானூறும் ராஜபாளையம் என்று சொன்னேன். அதனால்தான் இடம் போகிறது என்றும் சொல்லிவிட்டேன்.

வெள்ளத்தாய் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப நானா கெடுத்தேன்?" என்று கேட்டாள்.

"தெரியாமத்தான அக்கா..."

"இப்ப இங்க நின்னு இதை நான் பாத்தா?"

"அதுவும் ராஜபாளையத்துக் கணக்குதான்."

திரையில் மாரிச்செல்வி நடுக்கோட்டைக் குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். ரெய்டுக்குப் போகிறாள். வலது காலை எடுத்து எதிர்ப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளத்தாய் போனின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்துவிட்டது.

"ஏட்டி!" திரும்பி அவள் போட்ட சத்தத்தில் சமுத்திரமே எழுந்து நின்றுவிட்டார். "எல்லாரும் போனை வாங்கி அணைங்க!"

"ஏன்க்கா, இப்பத்தான் உன் மக ரெய்டு போறா!"

"அணைன்னா அணை. காரணம் பொறவு சொல்லுதேன்."

டோக்கன்கள் நீண்டன. சமுத்திரம் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு அறையாகப் பச்சை அணைந்தது. சத்தம் குறைக்க மறந்த அந்தப் போன் கடைசி வரைக்கும் கத்திக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் எக்கி அதை எடுத்து அணைத்ததும், இயந்திர இரைச்சல்தான் மிச்சம்.

"அண்ணாச்சி, உங்க போனை ஒரு நிமிஷம் தாங்க" என்று சமுத்திரத்திடம் கையை நீட்டினேன்.

"இதுல படம் எதுவும் தெரியாது."

"தெரியாததுதான் வேணும்."

மாமாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். என் குரலைக் கேட்டதும் மாமா கேட்டது, "போனை அணைக்கச் சொன்னது நீயா?"

"வெள்ளத்தாய் அக்கா. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"அதைத்தான்." மூச்சு விட்டார். "இங்க ராஜபாளையத்துக் கோடு கிணத்துல கல்லு விழுந்த மாதிரி விழுந்திருச்சு. பாண்டிதுரை எந்திரிச்சே நின்னுட்டாரு. ஷெரின் ஓடி வந்தா. பாக்க ஆளில்லாத போனு, இப்ப அணைச்சாச்சுன்னேன்."

"ஐயோ மாமா! யாருன்னு கேட்டிருப்பாளே?"

"கேளு, சொல்லுதேன்னேன். கேட்டா ரிப்போர்ட் எழுதணும், எழுதினா ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நீதான் பதில் சொல்லணும்னேன். அவ கேக்கல."

காலையில் எங்களை எரிச்சல்படுத்திய அதே வியாபாரம் இப்போது எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இடம் நமக்கா?"

"யாருக்கும் இல்ல. இந்த நம்பரை நம்பிப் பிரிக்க முடியாது, இன்னும் ஒரு வருசம் ஒரே மண்டலமா ஆடட்டும்னு கமிட்டியில பேச்சு. ஹாஸ்டல் அதுவரைக்கும் இருக்கும்."

"ஏழு மேட்ச் ஜெயிச்சதுக்கு அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். அதுவும் இன்னும் கையெழுத்து ஆகல. ஆட்டம் முடியுற வரைக்கும் திரையையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. கோடு திரும்ப ஏறுச்சுன்னா பாண்டிதுரை விட மாட்டாரு. அங்க ஒரு போனையும் தொட விடாத."

கையெழுத்து அன்றைக்கே விழுந்தது. அது எனக்குத் தெரிந்தது ஊர் திரும்பிய பிறகுதான். அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளத்தாய் என் முழங்கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான்.

"அக்கா, ஹாஸ்டல் இன்னும் ஒரு வருசத்துக்கு..."

"அதெல்லாம் பொறவு சொல்லு தாயி. அவ ரெய்டு போனாளே, தொட்டாளா, மாட்டிக்கிட்டாளா? அதைக் கேளு!"

கேட்டேன். மாமா, "ரெண்டு பாயின்ட்" என்றார்.

"அப்படிச் சொன்னா எப்படி மாமா? இவங்க ஒரு மேட்ச்கூடப் பாத்ததில்ல. பாக்குற மாதிரி சொல்லுங்க." ஸ்பீக்கரைப் போட்டு அந்தப் பட்டன் போனை வெள்ளத்தாயின் கையில் கொடுத்தேன்.

முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். "மஞ்சள் சட்டை. அஞ்சாம் நம்பர். இப்பத் திரும்பப் போறா. அந்தப் பக்கம் நாலு பேர் நிக்காங்க. இவ இடது பக்கமா போறா... சும்மா போக்குக் காட்டுதா. மூலையில நிக்கிறவ காலைப் பாக்கா. கை நீட்டுதா. எட்டல. ஏ, பின்னால வாராளுக, பின்னால... தாயே, திரும்பு! திரும்பு! இடுப்பைப் பிடிச்சிட்டாளுக. இழுக்காளுக. விழுந்துட்டா. விழுந்தவ கையை நீட்டுதா, இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு... தொட்டுட்டா! கோட்டைத் தொட்டுட்டா! ஏலே, தொட்டுட்டாலே!"

யாரை ஏலே என்றாரோ. என் மாமாவுக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கிறது என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. சுற்றி நின்ற பெண்கள் போட்ட கூச்சலில் கேட்டின் தகரம் அதிர்ந்தது. வெள்ளத்தாய் மட்டும் சத்தமே போடாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

சங்கு ஊதியது. பெண்கள் அவசர அவசரமாக அணைந்த போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். சமுத்திரம் கேட்டைச் சாத்த வந்தவர், வெள்ளத்தாயைப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளில் ஏதோ கோளாறு மாதிரி அதைக் குனிந்து ஆராய ஆரம்பித்தார்.

வெள்ளத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"இது கணக்குல வருமா தாயி?"

"வராதுக்கா. இது எந்தக் கணக்குலயும் வராது."

"அப்ப அவியள இன்னும் செத்த நேரம் சொல்லச் சொல்லு" என்று போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.